இலைகள் நிற்கும் ஒழுங்கு

வேலியோரத்துச் செம்பரத்தையில் நேராக வளர்ந்த கொம்பு ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதன் அடியிலுள்ள இலைக்காம்பில் நூலொன்றைக் கட்டி, அடுத்து மேலுள்ள இலை, அதற்கும் அடுத்த இலை என ஒவ்வொன்றையும் தொட்டுச் செல்லுமாறு சுற்றிக்கொண்டு போனால், நூல் கொம்பை இரண்டு முறை சுற்றி முடியும் இடத்தில் ஆறாவது இலை முதலாவது இலைக்கு நேர்மேலே நிற்கக் காணலாம். பப்பாசியில் இவ்வாறு செய்தால் மூன்று சுற்று முடிய ஒன்பதாவது இலை முதலாவதற்கு மேலே வரும். நெல், கரும்பு முதலியவற்றில் ஒரே சுற்றில் மூன்றாவது இலையே மேலே வந்துவிடும், கோரையில் நான்காவது. துளசியும் எருக்கும் வேறு வகையின. அவற்றிற் கணுவொன்றுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்க, அடுத்த கணுவின் இரட்டை முன்னதற்குக் குறுக்கே சிலுவைபோல அமைகின்றது. அலரியிலோ கணுவொன்றுக்கு மூன்று இலைகள் வட்டமாக நிற்கின்றன.

செடியின் நுனிக்குருத்தினுள்ளே, வெறுங்கண்ணுக்குத் தோன்றாத பருவத்திலேயே, அடுத்த இலை எவ்விடத்திற் பிறக்க வேண்டுமென்பது தீர்ந்துவிடுகின்றது. அதனைத் தீர்ப்பது எது? சிறுபிள்ளையும் கேட்கக்கூடிய இந்தக் கேள்விக்கு விடை காண ஐரோப்பிய அறிஞர் ஏறக்குறைய 250 ஆண்டுகள் உழைத்தனர். அவர்கள் கண்ட விடைகளிற் சில அழகியனவாயிருந்தும் நிலைக்கவில்லை. நிலைத்த விடையோ, முதலிற் சொல்லப்பட்டபோது, மிக எளியதாகவும் அழகற்றதாகவும் பலருக்குத் தோன்றிற்று.

இலையை எண்ணப் புகுமுன் எது இலை என்பதை அறிதல் வேண்டும். முருங்கையில் நாம் உருவிக் கறி சமைக்கும் சிறு பச்சைத் துண்டுகள் தனித்தனி இலைகளல்ல. நீண்ட நடுக்காம்பும் அதன் கிளைகளும் அவற்றிலுள்ள சிற்றிலைகளும் எல்லாம் சேர்ந்தே முருங்கையின் ஓர் இலையாகும். வேம்பும் கறிவேம்பும் அவ்வாறே. ஐயந்தீர்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. உண்மையான இலையின் காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஓர் அரும்பு இருக்கும். சிற்றிலையின் அடியில் அரும்பு இராது. இந்த வேறுபாட்டைக் கவனியாது எண்ணினால் எண்ணிக்கை முழுவதும் பிழைத்துவிடும்.

இலைகள் சில செடிகளில் ஒழுங்குபட நிற்கின்றன என்பதைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே குறித்துள்ளார். இத்தாலிய ஓவியரான லியனாடோ டா வின்சி தம் குறிப்பேடுகளில், பல செடிகளில் ஆறாவது இலை முதலாவதன் மேல் வருகின்றது என எழுதிவைத்தார். ஓவியனின் கண் அதனைக் கண்டது வியப்பன்று. ஆயின் அக்குறிப்பேடுகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. எனவே அவர் கண்டது பின்வந்தோருக்குப் பயன்படாது போயிற்று. முறையான ஆராய்ச்சி ஜெனீவா நகரில், கண்ணொளி மங்கிவந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகின்றது.

சாள்ஸ் பொனே 1720ஆம் ஆண்டு ஜெனீவாவிலே செல்வக்குடியிற் பிறந்தவர். இளமையிலேயே செவிப்புலன் குன்றியவர். சட்டம் பயின்று பட்டம் பெற்றவராயினும் அவருடைய உள்ளம் பூச்சிகளிடத்தே சென்றது. 1740இல், தம் இருபதாம் வயதில், செடிப்பேன் ஒன்றைப் பிறந்தவுடனே தனியே அடைத்துவைத்து, நாள்தோறும் காலை முதல் மாலை வரை அதனை நோக்கியிருந்து, ஆண் துணையின்றியே அது குட்டி ஈனுதலை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவிற்று. ஆனால் உருப்பெருக்குங் கண்ணாடியின் வழியே ஓயாது நோக்கியதன் விலையை அவருடைய கண்கள் கொடுத்தன. பார்வை தளர்ந்தது. சிறிய உயிர்களை இனி ஆராய இயலாதென்ற நிலையில், கையால் தொட்டும் அண்மையில் வைத்தும் அறியக்கூடிய பெரிய பொருளொன்றை அவர் நாடினார். அப்பொருள் இலை.

இலைக்கு ஏன் மேற்புறமொரு விதமாகவும் கீழ்ப்புறமொரு விதமாகவும் இருக்கின்றன என்பதே அவர் முதலிற் கேட்ட கேள்வி. மரங்களின் இலைகளைப் பறித்து, சிலவற்றின் மேற்புறமும் சிலவற்றின் கீழ்ப்புறமும் நீரிற் படியுமாறு மிதக்கவிட்டார். மேற்புறம் நீரிற் படிந்தவை விரைவில் வாடின. கீழ்ப்புறம் படிந்தவை நெடுநாள் பசுமையாயிருந்தன. ஆகவே இலை தன் கீழ்ப்புறத்தாலே நீரைக் குடிக்கின்றது, நிலத்திலிருந்து எழும் பனியை ஏற்கவே அப்புறம் கீழ்நோக்கி அமைந்துள்ளது என முடிவு செய்தார். சோதனை செம்மையானது, முடிவு தவறானது. மர இலைகளின் கீழ்ப்புறத்திலேதான் இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகள் மிகுந்துள்ளன. அவை நீரைக் குடிக்கும் வாய்களல்ல. பெரும்பாலும் நீராவி வெளியேறும் வழிகள். அவ்வழிகள் நீரால் அடைபட்டபோது இலை தன் ஈரத்தை இழக்காது நெடுநாள் இருந்தது.

இதே தவறு அவருக்கு இன்னொரு முறையும் நேர்ந்தது. நீருள் அமிழ்த்திய இலை வெயில் படும்போது குமிழிகளை வெளிவிடுதலை அவர் கண்டார். கொதிக்கவைத்து ஆறிய நீரில் குமிழிகள் தோன்றவில்லை. ஆதலின் அக்காற்று இலையினுடையதன்று, நீரில் இருந்ததே எனக் கூறி அப்பாற் சென்றுவிட்டார். கொதித்த நீரிற் காபனீரொட்சைட்டு இல்லாமையாலேயே இலை தொழிற்படவில்லை என்பதை அன்று யாரும் அறியார். 1779இல் இங்கன்ஹவுஸ் அதே குமிழிகளை ஆராய்ந்தே, பச்சை இலை ஒளியில் உயிர்க்காற்றை வெளிவிடும் உண்மையை உலகுக்கு உரைத்தார். பொனேயின் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆயினும் பனியை ஏற்கும் கீழ்ப்புறம் என்ற அந்தப் பிழையான எண்ணமே அவரை இலையொழுங்கிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஒவ்வோர் இலையையும் காற்றும் பனியும் தடையின்றிச் சூழ வேண்டுமாயின், இலைகள் ஒன்றையொன்று மறைத்தல் ஆகாது. எனவே அவை தண்டைச் சுற்றிப் பகிர்ந்து நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்று எண்ணிக் கொம்பு கொம்பாக எடுத்து எண்ணினார். ஜெனீவாவில் கணிதப் பேராசிரியராயிருந்த கலந்திரினி என்பார், இலைகள் சுருள்வழியிலே ஏறிச் செல்கின்றன என்பதை அவருக்குச் சுட்டிக்காட்டினார். 1754இல் வெளிவந்த நூலில் பொனே இலையொழுங்கை ஐந்து வகையாகப் பிரித்தார்: மாறிமாறி நிற்பவை, சிலுவைபோல் எதிரெதிர் நிற்பவை, வட்டமாய் நிற்பவை, செம்பரத்தையிற்போல ஐந்தைந்தாய்ச் சுற்றுபவை, பல சுருள்கள் இணைந்து ஏறுபவை. காரணம் பிழையாயினும் கணக்குச் சரியாயிருந்தது. அந்நூல் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு எவராலும் மிஞ்சப்படவில்லை.

அதன்பின் காட்சி ஜேர்மனியின் மியூனிக் நகருக்கு மாறுகின்றது. 1827ஆம் ஆண்டளவில் அந்நகரில் மூன்று மாணவர் ஒருங்கு வாழ்ந்தனர். கார்ல் சிம்பர், அலெக்சாந்தர் பிரவுன், லூயி அகாசீ என்பன அவர்தம் பெயர்கள். பேராசிரியர்களிடம் கேட்டது போதாதென மாலை வேளைகளில் ஒருவர்க்கொருவர் விரிவுரை நிகழ்த்தினர். அவர்களுடைய அறையைப் பிறர் ‘சிறு கலைக்கழகம்’ என அழைத்தனர். அங்கே சிம்பர் எடுத்துக்கொண்ட பொருள் இலையொழுங்கு.

சிம்பரின் முறை பின்வருமாறு. ஓர் இலையிலிருந்து அதற்கு நேர்மேலுள்ள இலை வரை செல்ல எத்தனை சுற்று வேண்டுமோ அதனை மேலெண்ணாகவும், வழியிற் கடக்கும் இலைகளின் தொகையைக் கீழெண்ணாகவும் எழுதுதல். அவ்வாறாயின் நெல்லுக்கு 1/2, கோரைக்கு 1/3, செம்பரத்தைக்கு 2/5, பப்பாசிக்கு 3/8. மேலும் நெருக்கமாக இலையுடைய செடிகளில் 5/13, 8/21 என்பன கிடைத்தன. இவ்வெண்களை நிரல்பட எழுதிப் பார்த்தபோது ஒரு வியப்புத் தோன்றிற்று. முன்னைய இரண்டின் மேலெண்களைக் கூட்டினால் அடுத்ததன் மேலெண்ணும், கீழெண்களைக் கூட்டினால் அடுத்ததன் கீழெண்ணும் வருகின்றன. பைசா நகரத்து லியனாடோ 1202இல் முயல்கள் பெருகுவதைப் பற்றிய கணக்கொன்றில் எழுதிய எண்தொடர் இதுவே. வடமொழி யாப்பிலக்கணத்தார் குறிலும் நெடிலும் மயங்கிவரும் அடிகளை எண்ணும்பொழுது அவருக்கும் முன்னரே இதனைக் கண்டிருந்தனர்.

பிரவுன் இம்முறையைப் பைன் மரத்தின் கூம்புக் காய்களிற் கையாண்டார். கூம்பின் செதிலும் இலையின் திரிபே. பூவிதழ், செதில் முதலியன யாவும் இலையின் வேற்றுருவங்களே என ஜேர்மனியக் கவிஞர் கோதே 1790இல் எழுதியிருந்த கருத்து அக்காலத்து இளைஞர் உள்ளங்களில் ஊறியிருந்தது. பிரவுன் 1831இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் கூம்புகளின் செதில்கள் ஒன்றுவிடாது எண்ணப்பட்டன. காட்டு மரத்தின் காயிலும் கணிதன் ஏட்டிலும் ஒரே எண்கள்! இயற்கையின் அடித்தளத்தில் மாறாத எண்விதி ஒன்று உறைகின்றது, சுருள்நெறியே உயிரின் இயல்பான நடை என்ற நம்பிக்கை பரவிற்று. முதியவரான கோதேயும் தம் இறுதிக் காலத்தில், செடிகளின் சுருள்நாட்டம் பற்றிக் கட்டுரை எழுதினார்.

சிம்பர் கூர்மையான அறிவுடையவர், எழுத அமராதவர். 1834இல் ஸ்டுட்கார்ட் நகரிற் கூடிய இயற்கை ஆய்வாளர் அவையிலே தம் கொள்கையை எடுத்துரைத்தார். அதனை அடுத்த ஆண்டு அச்சிற் கொண்டுவந்தவர் அவரல்லர், பிரவுன். உலகத்தின் பெரும்பகுதி முன்னொரு காலத்திற் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என்ற கருத்துக்கு ‘பனிக்காலம்’ என்னும் பெயரை 1837இல் ஒரு பாட்டிலே வழங்கியவரும் சிம்பரே. அக்கருத்தை விரித்து நூல் செய்து புகழ் பெற்றவர் அகாசீ. அதனால் நட்பு முறிந்து வழக்காயிற்று. பிரவுன் பேர்லினில் தாவரவியற் பேராசிரியரானார். அகாசீ அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பெரும்புகழெய்தினார். சிம்பருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் வாய்க்கவில்லை. பாடன் நாட்டு அரசர் அளித்த சிறு உதவிப்பணத்தோடு வாழ்ந்து 1867இல் ஷ்வெற்சிங்கன் என்னும் ஊரில் இறந்தார். நண்பர்கள் அவருடைய கருத்துக்களைக் கவர்ந்தனர் என்று ஒருதலையாகக் கூறுதல் எளிது. ஆயின் வாயாற் சொன்னதை வரிவடிவில் நிறுத்தாதவனுக்கு அறிவுலகம் இடம் ஒதுக்குவதில்லை என்பதும், அதனைச் சிம்பர் காலங்கடந்தும் உணரவில்லை என்பதும் உண்மையே.

இதற்கிடையிற் பிரான்சிலே சகோதரர் இருவர் அதே கூம்புகளையும் கொம்புகளையும் வேறு கண்ணோடு நோக்கினர். மூத்தவர் லூயி பிரவே மருத்துவர். இளையவர் ஒகுஸ்ட் பிரவே கடற்படை அதிகாரி. பின்னாளிற் பளிங்குகளின் உள்ளமைப்பில் 14 வகையே உண்டென நிறுவிப் புகழ்பெற்றவர். 1837இல் இவர்கள் எழுப்பிய தடை சிறிதாயினும் கூரியது. இலைகள் நெருங்கி நிற்கும் செடிகளில் எந்த இலையும் மற்றொன்றுக்கு மிகச் சரியாக நேர்மேலே வருவதில்லை. சற்று விலகியே நிற்கின்றது. ஆகவே 3/8, 5/13 எனப் பின்னங்களைத் தனித்தனி விதிகளாகக் கொள்வது பொருந்தாது. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைப்பட்ட கோணத்தையே அளத்தல் வேண்டும். 2/5 என்பது 144 பாகை. 3/8 என்பது 135 பாகை. 5/13 என்பது 138 பாகையும் சிறிது மிச்சமும். இவை மேலும் கீழுமாக ஊசலாடி நெருங்கிச் செல்லும் இடம் ஒன்றே: 137 பாகை 30 கலை 28 விகலை. வட்டத்தை இரண்டாகப் பிரிக்கும்போது, சிறிய பங்கு பெரிய பங்குக்கு எப்படியோ அப்படியே பெரிய பங்கு முழு வட்டத்துக்கும் இருக்குமாறு பிரித்தால், சிறிய பங்கின் கோணம் இதுவாகும்.

பல விதிகள் ஒரு விதியாயின. எனினும் கேள்வி தீரவில்லை, முன்னிலும் கடினமாயிற்று. செடிக்குக் கோணமானி ஏது? இத்துணை நுட்பமான அளவைக் குருத்து எங்ஙனம் அறிந்து கைக்கொள்கின்றது? எண்ணுவதிலும் அளப்பதிலும் ஈடுபட்டவர் யாவரும் முற்றி விரிந்த இலைகளையே நோக்கினர். இலை பிறக்கும் இடத்தைத் திறந்து பார்த்தவர் புத்தகக்கடைக்காரர் ஒருவர்.

வில்ஹெல்ம் ஹொஃப்மைஸ்டர் 1824இல் லைப்சிக் நகரிற் பிறந்தார். தந்தையார் இசைநூல் பதிப்பாளர், தாவரங்களிலும் ஆர்வமுடையவர். மகன் பதினைந்தாம் வயதிற் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு வணிகம் பழகினார்; பின்னர்த் தந்தையின் கடையிலே பணிபுரிந்தார். கடை திறக்குமுன், விடியற்காலையிலே, நுணுக்குக்காட்டியோடு அமர்வது அவர் வழக்கம். அவருக்கு மிகுந்த கிட்டப்பார்வை. கண்ணருகே கொண்டுவந்தவற்றை மிகத் தெளிவாகக் கண்டமையால், கையால் நுண்ணிய குருத்தைப் பிளந்து காட்டுவதில் அவரை ஒப்பார் இலர். பொனேயைப் பூச்சியிலிருந்து இலைக்குத் தள்ளியது கண்ணின் குறை. ஹொஃப்மைஸ்டரைக் குருத்தினுள் நுழையவிட்டதும் கண்ணின் குறையே. பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் மாணவராயிராத அவர், பன்னங்களின் வாழ்க்கை வட்டத்தைப் பற்றி 1851இல் வெளியிட்ட நூலுக்காக மதிப்புப் பட்டம் பெற்று, 1863இல் ஹைடெல்பேர்க்கிற் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

குருத்தின் நுனி வெறுங்கண்ணுக்குப் புள்ளியினும் சிறியது. பெருக்கிப் பார்த்தால் அது ஒரு சிறு குவிமாடம்போலத் தோன்றும். அதன் சரிவிலே இலைகள் சிறு புடைப்புகளாகப் பிறக்கின்றன. குவிமாடம் மேலே வளர வளர, முன் பிறந்தவை கீழும் வெளியுமாக ஒதுங்குகின்றன. இதனைப் பல செடிகளிற் கண்ட ஹொஃப்மைஸ்டர் 1868இல் ஒரே வாக்கியத்தில் அடங்கும் விதியொன்றைக் கூறினார். புதிய புடைப்பு ஒவ்வொன்றும், அதற்கு அணித்தே முன் தோன்றியவற்றின் இடையில் எங்கே இடைவெளி மிகப் பெரிதோ அங்கே தோன்றும். அவ்வளவே.

கோயில் வீதியிற் கூத்துப் பார்க்க ஒருவர்பின் ஒருவராக வருவோர் பாய் விரிப்பதை நினைத்துக்கொள்ளலாம். வருபவர் எவரும் அடி அளப்பதில்லை. முன் வந்தோர் விட்டுள்ள பெரிய இடத்தைப் பார்த்து விரிக்கின்றனர். ஆயினும் சிறிது நேரத்தில் ஓர் ஒழுங்கு அமைந்துவிடுகின்றது. ஒரு கணுவில் இரண்டு இலைகள் ஒருங்கே எதிரெதிராகப் பிறந்துவிட்டால், அடுத்த இரண்டுக்கும் பெரிய இடம் குறுக்கேதான் உண்டு. எனவே துளசியின் சிலுவை. ஒன்றொன்றாகப் பிறந்தால், மூன்றாவது இலை முதல் இரண்டுக்கும் இடையில் இடம் தேடுங்கால் அண்மையிற் பிறந்த இரண்டாவதை விட்டுச் சற்றே கூடுதலாக விலகுகின்றது. அந்த விலகலிலிருந்து சுருள் தானாகவே எழுகின்றது. 137 பாகையைச் செடி அறிந்திருக்க வேண்டியதில்லை. இடந்தேடுவதன் விளைவாக அக்கோணம் வருகின்றது.

சுருளை உயிரின் ஆதிநெறி என நம்பியோருக்கு இது உவப்பாயிருக்கவில்லை. மறுதலையாக, ஜேர்மனியத் தாவரவியலாளர் சாக்ஸ் சிம்பரின் கொள்கை முழுவதையும் எண் விளையாட்டெனத் தள்ளினார். இவ்விரண்டும் மிகையே. சிம்பரும் பிரவுனும் பொறுமையோடு எண்ணியிராவிடின் ஹொஃப்மைஸ்டர் விளக்கவேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டென்பதே தெரிந்திராது. அவர்கள் பிழைத்தது எண்ணியதிலன்று. எண்ணையே காரணமெனக் கொண்டதில்.

ஒரு விதி அழகாயிருத்தல் போதாது. சோதனைக்கு உட்பட வேண்டும். இலையொழுங்கிற் கத்தியை வைத்துக் கேள்வி கேட்டவர்கள் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த மேரி ஸ்னோ, ரொபட் ஸ்னோ என்னும் மனைவியும் கணவருமாவர். இவர்கள் 1931 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், வெள்ளை லூப்பின் என்னும் அவரையினச் செடியின் உயிருள்ள குருத்தை, நுணுக்குக்காட்டியின் கீழ் மிக நுண்ணிய கத்தியாற் கீறிய முறையை விவரித்தனர். அடுத்த இலை பிறக்கவிருந்த இடத்தைக் கீறித் தனிப்படுத்தியபோது, அதனயலில் பின் பிறந்த இலைகள் தம் வழக்கமான இடத்தில் நில்லாது விலகிப் பிறந்தன. இலையின் இருப்பிடம் முன்னரே எழுதிவைக்கப்பட்டதன்று. அயலாரைப் பொறுத்தே அமைவது என்பது இதனால் விளங்கிற்று. எதிரெதிர் இலையுடைய எப்பிலோபியம் என்னும் செடியின் குருத்தை மூலைவாட்டாகப் பிளந்தபோது இன்னும் வியப்பானது நிகழ்ந்தது. பிளந்த பாதிகள் தனித்தனித் தண்டுகளாக வளர்ந்து, அவற்றுட் பல எதிரெதிர் ஒழுங்கை விட்டுச் சுருளாக இலை விட்டன. செடியின் பரம்பரை இயல்பு எனக் கருதப்பட்டதை ஒரு கத்திக்கீறல் மாற்றிவிட்டது.

ஆனால் இடைவெளி இருக்கின்றது என்பதைச் செடி எதனால் அறிகின்றது? கணிப்பொறியின் தந்தையருள் ஒருவரான அலன் தூரிங் 1952இல், உயிரணுக்களிடையே பரவும் இரசாயனப் பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வடிவங்களை உண்டாக்கலாம் எனக் கணித வழியிற் காட்டினார். மஞ்செஸ்டரிலிருந்த கணிப்பொறியைக்கொண்டு இலையொழுங்கையே அடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1954 யூன் மாதத்தில் அவர் இறந்தபோது அவ்வேலை குறைத்தாள்களாகவே நின்றது. 1992இல் பாரிசிலே தூவாடி, கூடே என்னும் பௌதிகவியலாளர் இருவர் செடியே இல்லாமல் இலையொழுங்கை உண்டாக்கிக் காட்டினர். எண்ணெய் நிறைந்த தட்டின் நடுவில் காந்தத்தன்மையுள்ள திரவத்தைத் துளி துளியாக விழவிட்டனர். துளிகள் ஒன்றையொன்று தள்ளியவாறு, விளிம்பில் வலிமை மிக்க காந்தப்புலத்தால் வெளிநோக்கி நகர்ந்தன. மெதுவாக விழவிட்டபோது அவை நெல்லின் இலைபோல எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சென்றன. விரைவாக விழவிட்டபோது சுருள்கள் தோன்றின. அவற்றை எண்ணினால் அன்னாசிப்பழத்தின் கண்களில் ஒருபுறம் 8, மறுபுறம் 13 என எண்ணப்படும் அதே தொடரின் எண்கள்! காந்தத் திரவத் துளிக்கு உயிருமில்லை, ஆதிநெறியுமில்லை.

செடியினுள்ளே துளிகளின் தள்ளுவிசைக்கு ஒத்தது யாது என்பதற்கான விடை சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்து வந்தது. ஒட்சின் என்பது செடிகளின் வளர்ச்சி ஓமோன். அதன் ஓட்டத்தைத் தடுக்கும் மருந்தில் தக்காளியின் குருத்தை வளர்த்தபோது, அது இலையே விடாது மொட்டை ஊசிபோல நீண்டது. அந்த ஊசியின் சரிவில் ஒட்சின் கலந்த பசையை ஒரு சிறு துளி வைத்தால், வைத்த இடத்தில் இலை முளைத்தது. இது 2000ஆம் ஆண்டில் வெளியான செய்தி. 2003இல் அதே ஆய்வுக்கூடத்தார் எஞ்சியதை விளக்கினர். முன் பிறந்த இலைப்புடைப்பு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஒட்சினைத் தன்பால் இழுத்துக்கொள்கின்றது. அதனால் அயலிடம் வறுமையுறுகின்றது. பழைய புடைப்புகளிலிருந்து மிக விலகியுள்ள இடத்திலேதான் மீண்டும் ஒட்சின் திரள்கின்றது. அங்கே அடுத்த இலை பிறக்கின்றது. ஹொஃப்மைஸ்டர் கண்ட இடைவெளி, வெற்றிடமன்று. ஒட்சின் சேரும் இடம்.

இத்துணையும் தெளிந்தபின்னும் ஒன்று எஞ்சுகின்றது. சுருள் வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்பதை இவ்விதி கூறுவதில்லை. மூன்றாவது இலை எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே பின்வருவன யாவும் தொடரும். சாய்வது எப்பக்கமென்பது விதிக்குப் புறம்பானது. இதனை ஆராய வாய்ப்பான மரம் தென்னை. தென்னைக்கு உள்ளதை இலையென்னாது ஓலையென்பது தமிழ் மரபு. ஏறக்குறையத் திங்களுக்கு ஒன்றாக வரும் அவ்வோலைகள், செம்பரத்தையிற் போலவே ஐந்தையொட்டிய சுருளில் நிற்கின்றன. குலையும் ஓலையின் ஒரே பக்கமாகச் சரிந்து நிற்பதால், மரத்தடியில் நின்றே வலஞ்சுழி மரமா இடஞ்சுழி மரமா எனக் கூறிவிடலாம். ஒரு தோட்டத்தில் இரு வகையும் ஏறக்குறையச் சமமாகவே கலந்து நிற்கும். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் பணியாற்றிய டி. ஏ. டேவிஸ், இடஞ்சுழியை இடஞ்சுழியோடும், வலஞ்சுழியை வலஞ்சுழியோடும், ஒன்றை மற்றொன்றோடும் மகரந்தஞ் சேர்த்துப் பெற்ற தேங்காய்களை முளைக்கவைத்துக் கன்றுகளை எண்ணி, முடிவை 1962இல் வெளியிட்டார். தாய்மரமும் தந்தைமரமும் எவ்வகையாயிருந்தபோதிலும், கன்றுகளில் ஏறக்குறையப் பாதி வலமாகவும் பாதி இடமாகவுமே சுற்றின.